ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கிய பெயர்

ஒரு பெயரை மாற்றி எழுதியதற்காக என் தம்பி செத்துப்போகப் போகிறான் என்று ஆறு நாட்கள் நம்பியிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. மாற்றி எழுதியவள் நான்தான். அது வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து புனேயை ஒட்டிய தேஹு ரோடுக்கு வந்தவர். ராணுவ டெப்போவில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் பெட்டி தூக்கும் வேலை. அம்மா ராவேத் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ரயில் பாதையை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் பலகைமேல் அடுக்கிய பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்த அறையில் எனக்கிருந்த மரியாதை ஒரு தாசில்தாருக்குக்கூடக் கிடைத்திருக்காது. மாத்திரை அட்டை, கேஸ் சீட்டு, கரண்ட் பில் எல்லாம் என்னிடம் வந்துதான் வாய் திறக்கும். அப்பா தன் செல்போனை இரண்டு கையாலும் நீட்டி, "இன்னாம்மா சொல்லுது இது?" என்பார். மராத்திப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அது போதாதென்று தினசரி காலண்டர் தாள்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தையும் பாதி பிடித்துவைத்திருந்தேன். படித்தவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தம்பியின் பெயர் தவிடன். இந்தப் பெயரை வேறு எந்த மனிதருக்கும் நான் இதுவரை கேட்டதில்லை. ஊர்ப் பக்கம் முன்பெல்லாம் இருந்த பெயராம். எனக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து பதினோராம் நாள் இறந்தது. எனக்குப் பின்னால் ஒன்று, மூன்று மாதம் இருந்தது. இரண்டாவது போன பிறகு அம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மொதல்ல பொறந்தவனுக்கு அரசுன்னு வெச்சோம். அரசனக் குடுன்னு கேட்டா எவன் வேணாம்பான்? அடுத்தவன் செல்வம். வூட்டு வாசல்ல வந்து செல்வத்தப் பாத்தவன் வுட்டுட்டுப் போவானா? தவிட்ட எவன் கேப்பான், சொல்லு."

இங்கே கேட்கிறவன் எமன். அம்மாவின் பேச்சில் அவன் தெருத் தெருவாக வரும் பழைய சாமான்காரனைப் போல இருப்பான். நல்ல பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று காதை மட்டும் தீட்டிக்கொண்டு வருவான். (எனக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். பெண்பிள்ளையை அவன் விலை கேட்க மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ. அதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை.)

பெயர் வைத்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு முறை உண்டு. பிறந்த பிள்ளையை இன்னொருத்திக்குக் காலையில் விற்றுவிட வேண்டும். சாயங்காலம் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். அதன் பிறகு அது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. அம்மா தேர்ந்தெடுத்தது எதிர்வீட்டு மாவுஷியை. மராத்திக்காரி, மாவுஷி என்றால் அவர்கள் மொழியில் சித்தி. புருஷன் ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார். குழந்தை இல்லை. சந்திலிருந்த மற்ற தமிழ்ப் பெண்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பிள்ளை இல்லாதவள் கையிலா முதலில் கொடுப்பது என்று. அம்மா கேட்கவில்லை.

"புள்ள இல்லாதவதான் வாங்குவா. எட்டு பெத்தவ எதுக்கு வாங்கப்போறா? எமன் இன்னா முட்டாளா, நம்பறதுக்கு?"

அரைகுறை மராத்தியில் அம்மா இதை விளக்க ஆரம்பித்ததுமே மாவுஷிக்குப் புரிந்துவிட்டதாம். அவளுடைய மாமனார் பெயர் கோண்டிபா. மராத்தியில் கோண்டா என்றால் தவிடு. அவரையும் அப்படித்தான் விற்று வாங்கியிருக்கிறார்கள். அன்று முதல் அவள் என் தம்பியைக் கோண்டிபா என்றே கூப்பிட்டாள். எங்கள் ஊரில் அழிந்துபோன ஒரு பெயர் எதிர்வீட்டில் வேறு மொழியில் உட்கார்ந்திருந்தது.

புனேயில் நெல் தவிடு எங்கே கிடைக்கும்? அப்பா மாவு மில்லில் கேட்டு ஒரு பை கோதுமைத் தவிடு வாங்கிவந்தார். நெல்லுத் தவிடுதான் கணக்கு, கோதுமைக்கு எமன் ஒத்துக்கொள்வானா என்ற சந்தேகம் அம்மாவுக்குக் கடைசிவரை தீரவில்லை. அந்த நாளில் எனக்கு நான்கு வயது. ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கிறது. மாவுஷி வீட்டின் பச்சைக் கதவு சாத்தியிருக்கிறது. அம்மா தவிட்டு முறத்தை ஏந்திக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கதவு திறக்க நேரமாகிறது.

தம்பி இருந்தான். அரசும் செல்வமும் தாண்டாத நாட்களை எல்லாம் தாண்டி, மண் தின்று, சளி ஒழுக, கறுப்பாகக் கனமாக வளர்ந்தான். அவனை யாரும் அழகு என்று சொல்லக் கூடாது. ஷேர் ஆட்டோவில் யாராவது அவன் கன்னத்தைத் தொட்டால் அம்மா முந்திக்கொண்டு, "இது எம்புள்ள இல்ல, தவிட்டுக்கு வாங்கனது," என்று தமிழ் தெரியாதவர்களிடமும் தமிழிலேயே சொல்வாள். எமனுக்குத் தமிழ் தெரியுமே.

எல்லாம் அவன் ஆறு வயது வரைக்கும்தான். அந்த மே மாத விடுமுறையில் அம்மா எங்கள் இருவரையும் தான் வேலை செய்யும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோயம்புத்தூர்க்காரர்கள், கணவன் மனைவி இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில். அந்த அக்கா நல்லவர். எங்களுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்.

"பேரென்ன கண்ணு?"

"தவிடன்," என்றான் தம்பி, வாய் நிறையப் பழத்துடன்.

"என்னது?"

அவன் மறுபடி சொன்னான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏனுங்கக்கா, இந்தக் காலத்துல போயி யாராச்சு இப்படி வெப்பாங்களா? ஸ்கூல்ல பசங்க கேலி பண்ணமாட்டாங்களா?" அம்மாவும் கூடச் சிரித்தாள். அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்கு அர்த்தம் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன். என் காது இரண்டும் எரிந்தன. படித்தவளாகிய நான், தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதம் தம்பியை என் பள்ளியிலேயே சேர்த்தார்கள். பிறப்புச் சான்றிதழில் 'ஆண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது, பெயர் எழுதும் இடம் காலி. படிவத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான் பெயர் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். படிவம் என் கைக்கு வந்தது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் நான். என் பேனா நகர்வதை இருவரும் கோலம் போடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அப்பா பெயர் எழுதினேன். அம்மா பெயர் எழுதினேன். மாணவன் பெயர் என்ற இடத்தில் 'ரோஹன்' என்று எழுதினேன். என் வகுப்பில் பரிசு வாங்கும் ஒரு பையனின் பெயர் அது.

"எழுதிட்டியா?" என்றாள் அம்மா.

"எழுதிட்டேன்."

"தவிடன்னு?"

"ம்."

அப்பா கட்டைவிரலை மையில் தொட்டு அடியில் வைத்தார். அவ்வளவுதான்.

தம்பியைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ரயில் பாதைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன். "ஸ்கூல்ல உன் பேரு ரோஹன். டீச்சர் ரோஹன்னு கூப்பிட்டா நீ ஹஜர்னு சொல்லணும். வீட்டுல சொல்லக் கூடாது."

"அப்ப தவிடன்?"

"அவன் வீட்டுல இருப்பான்."

தம்பி யோசித்தான். "தனியாவா இருப்பான்?"

அந்தக் கேள்வி பிறகு என்னை விடவில்லை.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம், விடாத மழையில், அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் நான் பயப்படவில்லை. இரண்டாம் நாள் அவன் கண்ணைத் திறக்கவே சோம்பினான். அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே, "நெல்லுத் தவிடா இருந்திருக்கணும்," என்று தனக்குள் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இத்தனை நாள் எமன் காதால் கேட்கிறவன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது, அதனால் எமனுக்கும் தெரியாது என்று அம்மா எண்ணியிருக்கலாம். அவனுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால்? பள்ளி அலுவலகத்து அலமாரியில் அந்தப் படிவம் இருக்கிறது. அதில் தவிடு இல்லை. ஆசைப்படும்படியான ஒரு பெயர் இருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டாலும்தான் என்ன? தினமும் காலையில் ஒன்றாம் வகுப்பில் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். என் தம்பி எழுந்து நின்று, இதோ இருக்கிறேன் என்று பதில் சொல்கிறான். பழைய சாமான்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. அம்மா அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி, "தவிடா, டேய் தவிடா," என்று கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. அப்பா கூப்பிட்டார். அசையவில்லை. பிறகு யாரும் கூப்பிடாதபோது, கண்ணை மூடியபடியே, தெளிவான குரலில் அவன் சொன்னான்.

"ஹஜர்."

அம்மா திகைத்துப்போனாள். "யாருக்குடா ஹஜர்ங்கற? யாருடா கூப்டது?"

எனக்கு யார் கூப்பிட்டது என்று தெரியும். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றும் தெரியும். நான் மூலையில் அரிசி டப்பாவை ஒட்டி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே ரயில் போயிற்று. பாத்திரங்கள் நடுங்கி நின்ற பிறகும் என் பற்கள் நிற்கவில்லை.

நான்காம் நாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்குவாக இருக்கும் என்றார்கள். ரத்தத்தில் ஏதோ அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார்கள். சீட்டு எழுதும் இடத்தில் பெயர் கேட்டதும் அப்பா, "தவிடன்," என்றார். அந்தச் சீட்டை என்னிடம் காட்டி, "சரியா எழுதியிருக்காங்களா பாரும்மா," என்றார். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தவிடன் படுத்திருக்கிறான், பள்ளிக்கூடத்தில் ரோஹன் இருக்கிறான். இருவரில் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "டாக்டரு இன்னா எழுதியிருக்காரு, படிச்சி சொல்லு," என்றாள். அந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். அது அவளிடம் நான் சொன்ன இரண்டாவது பொய். அவள் நம்பினாள். நான் எதைப் படித்தாலும் அவர்கள் நம்புவார்கள் என்பது எனக்கு அப்போது பெரிய திகிலாக இருந்தது.

என்னை மாவுஷி வீட்டில் விட்டிருந்தார்கள். மாவுஷி சோறு போட்டாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்து, அணு இன்னும் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி எடுத்துக்கொண்டு போனார்.

ஆறாம் நாள் காலை மாவுஷி எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரு சடை பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். அடுத்ததைப் பிரித்து வகிடெடுத்தபோது, அவள் முகம் எனக்குத் தெரியாத தைரியத்தில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாம்பழம், படிவம், ரோஹன், ஹஜர்.

சீப்பு என் தலையிலேயே நின்றது. அவள் சிரிப்பாள், அட பைத்தியமே என்பாள், பெயரில் என்ன இருக்கிறது என்பாள் என்று உள்ளுக்குள் ஏங்கியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"கோண்டிபா பெயரை எடுத்துவிட்டாயா?" என்றாள் மராத்தியில், மிக மெதுவாக. பிறகு, "அன்றைக்கு நான் கொடுத்தது கோண்டிபாவை. வேறு யாரையும் நான் கொடுக்கவில்லை," என்றாள்.

அவளும் நம்பினாள். என் பயம் அப்போதுதான் முழுசாயிற்று.

"எழுந்திரு, பெண்ணே. ஸ்கூலுக்குப் போகலாம்."

ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரித்த மயிருமாக மழையில் நடந்தேன். மாவுஷி குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்ததில் அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்தது. வழியெல்லாம் அவள் வாய் எதையோ முணுமுணுத்தபடி இருந்தது.

பள்ளி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். சிவப்பு நாடா கட்டிய படிவங்களை எடுத்து, தம்பியுடையதைத் தேடிப் பிடித்தார். "பெயரை எதற்கு மாற்ற வேண்டும்? ரோஹன் நல்ல பெயர்தானே?"

"அவனுக்கு வைத்தது அது இல்லை. சின்னப் பெண் தெரியாமல் எழுதிவிட்டாள்."

"பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா எங்கே?"

"ஆஸ்பத்திரியில், பிள்ளையோடு."

"நீங்கள் யார்?"

மாவுஷி என் தோளில் வைத்திருந்த கை இறுகியது.

"ஆயி," என்றாள். அம்மா.

எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மாள், "என்ன பெயர் எழுத வேண்டும்?" என்றார். நான் சொன்னேன். "டவிடனா? அப்படியென்றால்?"

"கோண்டா," என்றாள் மாவுஷி.

அலுவலக அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் குரல் மாறியது. "எங்கள் பெரியப்பா பெயர் தோண்டிபா. தோண்டா, கல். அவருக்கு முன்னால் நான்கு பேர் போயிருந்தார்களாம்." அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டினார். வருகைப் பதிவேட்டைத் திறந்து சிவப்பு மையால் 'ரோஹன்' என்ற பெயரின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். மூன்று வாரம் ஹஜர் சொன்னவன் ஒருவன் இருந்தானே, அவன் இப்போது எங்கே போவான்?

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மாணவன் பெயர், தவிடன். ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக, எவ்வளவு மோசமான கண்பார்வை உள்ளவனும் படிக்கும்படி எழுதினேன். அப்பா பெயர் எழுதினேன். அடுத்த வரிக்கு வந்தபோது மாவுஷி குனிந்தாள்.

"இந்த வரி என்ன?"

"ஆயிசே நாவ்," என்று படித்தேன். அம்மாவின் பெயர்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, காகிதத்தின் மறுபக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்தி, தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் அந்த வரியில் எழுதினாள். மாவுஷி, கையெழுத்து கீழே போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அடித்தால் திருத்தினால் இன்னொரு படிவம் கேட்க வேண்டும், அந்த அம்மாள் மனம் மாறலாம், அதற்குள் ஆஸ்பத்திரியில் என்ன ஆகுமோ. பேசாமலிருந்தேன். அவள் கீழேயும் அதே பெயரை இன்னொரு தடவை போட்டாள்.

அன்று மதியம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாவுஷி கட்டிலருகே போய், "கோண்டிபா," என்றாள். தம்பி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. இந்தக் காய்ச்சல் இத்தனை நாளில் இப்படித்தான் இறங்கும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யார் இறக்கியது என்று எனக்குத் தெரியும். ஏழெட்டு வருடம் அந்த ரகசியத்தை ஒரு பதக்கத்தைப் போல உள்ளுக்குள் அணிந்திருந்தேன்.

தம்பி பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். மாவுஷியின் புருஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அவர்கள் சாத்தாரா பக்கம் தங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பள்ளி ஆவணத்தில் அம்மா பெயரும் ஆதார் அட்டையில் அம்மா பெயரும் வேறு வேறாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் போனேன். பழைய படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். என் எழுத்துகளுக்கு நடுவே அந்த நான்கு எழுத்துகள், பெரிதும் சிறிதுமாக, வரியை விட்டு மேலேறி நின்றன. செல்போனில் படமெடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து வருடம் கழித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று இருபது வயதிலும் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். "மாத்தணும்னா மாத்தலாம்மா. ஒரு நோட்டரி பேப்பர் போதும்," என்று முடித்தேன்.

அம்மா படத்தைத் தொட்டுப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு அவ கதவு தொறக்க எவ்ளோ நேரமாச்சுன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"ம்."

"நான் தட்டவே இல்ல. முறத்த வெச்சிக்கினு போயி நின்னேன். உள்ள பாடிக்கினு இருந்தா. புள்ளைய தூங்க வெக்கிற பாட்டு. முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து பாடறா." அம்மா வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். "ஒரு முறம் தவிடு குடுத்தேன். அதுவும் கோதுமை. இருக்கட்டும் வுடு."

விட்டோம். ஆதார் சரியில்லை, பள்ளிப் பதிவுதான் சரி என்று எழுதிக் கொடுத்தோம். தம்பியின் மதிப்பெண் சான்றிதழில் அம்மாவின் பெயர் என்ற இடத்தில் அந்த நான்கு எழுத்துகள்தான் அச்சாகியிருக்கின்றன.

அந்த மழைநாளில் பள்ளியிலிருந்து வெளியே வந்ததும் மாவுஷி குடையை விரிக்காமல் வாசலிலேயே நின்றாள். "நான் எழுதினது சரியாக இருக்கிறதா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் மழையடித்து ஈரமாக இருந்தது. எழுத்தெல்லாம் சரிதான் மாவுஷி என்றேன். பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவள், கையெழுத்துப் போடுகிற இடம் என்று நினைத்துத் தப்பான வரியில் எழுதிவிட்டாள். எங்கள் சந்திலேயே நன்றாகப் படிக்கிறவளாகிய நான் அதை அவளிடம் சொல்லிக்காட்டாமல், பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன்.